குழாயைத் திருத்த வேண்டாம்

செவ்வாய்க்கிழமைக்குள் தலைப்புக் கொடுக்க வேண்டுமாம்.
ஜெஸிமா ரீச்சர் கொப்பியில் சிவப்பால் எழுதியிருந்தா:
இலகுவானதாக இருக்கட்டும்.
வீட்டில் உள்ள பொருட்கள் போதும்.
பெற்றோர் செய்யக் கூடாது.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

எரிமலை செய்வோமா என்றேன்.
வகுப்பில் ஏற்கனவே ஏழு எரிமலை,
எல்லாம் வினாகிரியில்தான் பொங்கும் என்றாள் அபிநிலா.
உருளைக்கிழங்கில் மின்குமிழ்?
தாய் கணினியிலிருந்து தலை நிமிராமல்
கிலோ விலையைச் சொன்னா.
பஞ்சில் பயறு முளைக்கவைப்பது
ஆண்டு இரண்டில் முடிந்துவிட்டதாம்.
ரிஜிபோம் பந்தில் சூரியக் குடும்பம்?
"அதில என்ன கேள்வி இருக்கு, அப்பா?"

எனக்கு விழித்தது.
அறிவியல் என்றால்
அட்டையில் ஒட்டுவது என்றே
இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

பிறகு இரண்டு நாள் கேள்வி தேடினோம்,
சாவி தொலைத்த வீடு மாதிரி.
கடல் ஏன் உப்பு: பெரிசு.
மரைன் டிரைவில் எத்தனை காகம்: ஒரு இடத்தில் நிற்காதுகள்.
எறும்புக்குச் சீனியா கருப்பட்டியா:
வெள்ளவத்தை எறும்புக்கு
இரண்டும் ஒன்றுதான் என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது.

ஞாயிறு இரவு கரண்ட் போனது.
மின்விசிறி நின்றதும்
குசினிக் குழாயின் குரல் கேட்டது.
சொட்.
நாலு மாதமாய் ஒழுகுகிறது.
வீட்டுக்காரருக்குச் சொல்லி, அவர் சரத்சிறி பாஸுக்குச் சொல்லி,
பாஸ் "நாளைக்கு" என்று சொல்லிச் சொல்லி.
சொட்.
"ஒரு நாளைக்கு எவ்வளவு போகுது?"
இருட்டுக்குள் கேட்டாள்.
தெரியாது என்றேன்.
"அம்மாவுக்கு?"
தெரியாது.
"அப்ப அதுதான்."

பார்மசியில் எனக்கு உள்ள ஒரே அதிகாரம்
பாணி மருந்து அளக்கும் சின்னக் குவளைகள்.
மூன்று கொண்டுவந்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

பத்து மில்லிலீற்றர் நிறைய
காலை ஏழு மணிக்கு நாலு நிமிடம் பதினொரு செக்கன்.
பின்னேரம் நாலு நிமிடம் இரண்டு.
இரவு பதினொன்றுக்கு, படுக்கச் சொல்லியும் படுக்காமல்,
இரண்டு நிமிடம் மூன்று செக்கன்.
"பிழையா பார்த்திட்டாய்."
அவள் வாதாடவில்லை.
குவளையைக் கவிழ்த்துத் துடைத்து மறுபடி வைத்தாள்.
இரண்டு நிமிடம் ஒன்று.

அடுத்த இரவும் அப்படியே.
"நான் நினைப்பது" என்று தலைப்பிட்டு எழுதினாள்:
எல்லோரும் நித்திரை. ஒருவரும் குழாய் திறக்கவில்லை.
ஆகவே பைப்பில் இருக்கும் வேகம் எல்லாம்
எங்கள் ஓட்டைக்கு வருகிறது.
இந்த ஒழுங்கையில் பதினாறு வருடம் இருக்கிறேன்.
எத்தனையோ இரவு அந்தச் சத்தத்துக்குத் தலையணையால்
காதைப் பொத்தியிருக்கிறேன்.

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்க
மழையில் நனைந்து வந்து நின்றார் சரத்சிறி பாஸ்,
கையில் புது வாஷர்.
நாலு மாதம் காத்திருந்த மனுசனை
என் உடைந்த சிங்களத்தில்
வேண்டாம், இப்ப வேண்டாம் என்று மறித்தேன்.
அவர் குழாயைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார்,
ஸ்டூலில் பென்சிலோடு இருந்தவளைப் பார்த்தார்.
தன் போனை எடுத்து அவரும் நேரம் பிடித்தார்.
அவருடையது ஆறு செக்கன் கூட.
இருவரும் கொஞ்ச நேரம் சண்டை.
கடைசியில் அவள் புதிதாய் ஒரு நிரல் கீறினாள்:
வேறு ஆள் அளந்தது.

ஏழு எரிமலையும் பொங்கின. ஒன்று
பக்கத்து மேசையிலும் பொங்கியது.
இவள் அட்டையில் ஒரு வரைபு,
ஒரு நாளைக்குச் சுமார் ஐந்து லீற்றர்,
அடியில் ஒரு ஈரக் குவளை.
பரிசு யாருக்கென்று கேட்க மறந்துபோனேன்.

சனிக்கிழமை குழாய் திருத்தியாயிற்று.
இரவு பதினொன்றுக்குக் குசினியில் வெளிச்சம்.
வாய் திறவாத குழாய்க்குக் கீழே
குவளையை வைத்துக் காத்திருக்கிறாள்.
ஒன்றும் வராதே அம்மா, படு என்றேன்.

"பூச்சியத்தையும் அளந்துதான் எழுத வேணும்."